நர்ஸ் கிடைக்கவில்லை என்கிறவர்கள் முதலில் டூட்டி சார்ட்டை எடுங்கள்

"ஏனுங்க சிஸ்டர், உங்களுக்குத் தெரிஞ்ச ஸ்டாஃப் நாலு பேர் இருந்தா அனுப்பி வைங்க." அந்தியூர், பெருந்துறை, காங்கேயம், தாராபுரம் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிகளிலிருந்து இப்படிப் போன் வராத மாதம் கிடையாது. நான் ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமா படித்தவள். வார்டு, ஐ.சி.யூ., ஆபரேஷன் தியேட்டர் எல்லாம் சுற்றிவிட்டு, இப்போது ஈரோடு மாவட்டத்தில் கோபிசெட்டிபாளையத்துக்கும் சத்தியமங்கலத்துக்கும் நடுவே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்சிங் சூப்பரிண்டென்டாக இருக்கிறேன். ஆள் எடுப்பது, சார்ட் போடுவது, பண்டிகைக்கு லீவு கேட்டு வருகிறவர்களிடம் மல்லுக்கட்டுவது எல்லாம் என் பொழப்பு. ஐம்பது அறுபது படுக்கை வைத்திருக்கும் டாக்டர்களுக்கும் அவர்களிடம் நிர்வாகம் பார்ப்பவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். கோவைப் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு எச்.ஆர். என்று தனி மாடியே உண்டு. அவர்கள் பாடு வேறு.

போன் செய்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். போன மூன்று மாத டூட்டி சார்ட்டை வாட்ஸப்பில் அனுப்புங்கள். யார் எத்தனை டபுள் டூட்டி பார்த்தார், யாருடைய வீக்லி ஆஃப் அடித்துத் திருத்தப்பட்டிருக்கிறது, நைட் முடித்த பிள்ளையை மறுநாள் மத்தியானமே யார் கூப்பிட்டார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். பெரும்பாலும் ஆள் ஏன் நிற்கவில்லை என்பதும் அதிலேயே இருக்கும். புதிதாக நாலு பேரை அந்தச் சார்ட்டுக்குள் போட்டால், அந்த நாலு பேரும் தீபாவளிக்குள் போய்விடுவார்கள்.

எத்தனை பேர் வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு நர்ஸ் வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை பார்த்தால், ஒரு இடத்தில் இருபத்துநாலு மணி நேரமும் ஆள் நிற்க மூன்றரைப் பேர் வேண்டும். வாராந்திர விடுமுறை இதற்குள் வந்துவிடும். கேஷுவல் லீவு, காய்ச்சல், அரசு விடுமுறை, பிரசவம் எதுவும் வரவில்லை. அதற்காக இந்திய நர்சிங் கவுன்சில் 30 சதவீதம் கூடுதலாக வைக்கச் சொல்கிறது. அதையும் சேர்த்தால் ஓர் இடத்துக்கு நாலரைப் பேர். இந்த நாலரையை மனதில் வைத்துக்கொண்டால் போதும், மீதி எல்லாம் பெருக்கல்தான்.

பொது வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ், ஐ.சி.யூ.வில் ஒருவருக்கு ஒருவர் என்பது கவுன்சிலின் அளவு. போர்டில் எழுதியிருக்கும் படுக்கை எண்ணிக்கையை விட்டுவிட்டு, நிஜமாக நிரம்புகிற சராசரியை எடுங்கள். ஐம்பது படுக்கையில் வார்டில் இருபத்தைந்து பேர், ஐ.சி.யூ.வில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்வோம். வார்டுக்கு ஐந்து, ஐ.சி.யூ.வுக்கு இரண்டு, கேசுவால்டிக்கு ஒன்று. எட்டு இடம், எட்டு நாலரை முப்பத்தாறு. தியேட்டர் ஆட்கள் தனி. இந்த எண்ணைச் சொன்னால் டாக்டர்கள் சிரிப்பார்கள், ஏனென்றால் கையில் இருப்பது பத்தொன்பதோ இருபதோதான். நைட்டில் குறைத்துக்கொள்ளலாம், வார்டு இன்சார்ஜையும் பகலில் எண்ணிக்கொள்ளலாம், சரி. அப்படி இழுத்துப் பிடித்தாலும் இருபதில் நிற்காது. முப்பது பேர் வேலையை இருபது பேரிடம் வாங்கினால் அந்த இருபதும் பதினாறாகும். அந்தப் பதினாறில்தான் எனக்குப் போன் வருகிறது.

போகிறவர்கள் எங்கே போகிறார்கள், எப்போது போகிறார்கள்

வேலையை விடுகிற பிள்ளைகள் திடீரென்று விடுவதில்லை. அதற்கு ஒரு பருவம் உண்டு. எங்கள் பக்கம் ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. ஆக வைகாசி, ஆவணி, தை மாத முகூர்த்தங்களுக்கு முன்னால் ராஜினாமாக் கடிதம் வரிசையாக வரும். நிச்சயம் முடிந்த செய்தி வார்டில் மிட்டாயாக வந்து சேரும் அன்றைக்கே அந்த இடத்துக்கு ஆள் தேட ஆரம்பித்துவிட வேண்டும். மாப்பிள்ளை வீடு எந்த ஊர் என்று விசாரியுங்கள். பவானி என்றால் பேசிப் பார்க்கலாம். திருப்பூர் என்றால் வாழ்த்துச் சொல்லி அனுப்ப வேண்டியதுதான்.

அடுத்தது அரசு வேலை. எம்.ஆர்.பி. என்கிற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2012-ல் வந்த பிறகு எம்.ஆர்.பி. அறிவிப்பு என்றாலே வார்டு பரபரப்பாகிவிடுகிறது. ஒப்பந்த நர்ஸுக்கான தொகுப்பூதியம் 2023-ல் 14,000-லிருந்து 18,000 ரூபாய் ஆனது. அதே 18,000-க்குத் துணை சுகாதார நிலையத்தில் இடைநிலை சுகாதாரப் பணியாளர் என்ற வேலையும் மாவட்ட நலச் சங்கம் மூலம் வருகிறது. அதில் நைட் டூட்டி கிடையாது. 2022 ஜனவரியில் ஒரே நாளில் பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தபோது திருப்பூரும் நாமக்கல்லும் நீலகிரியும் அந்தப் பட்டியலில் இருந்தன. நம்மைச் சுற்றிலும் நர்ஸ் தேவைப்படும் இடம் கூடிக்கொண்டே போகிறது. இதில் கோபப்பட ஒன்றுமில்லை. யார் யார் எம்.ஆர்.பி. எழுதியிருக்கிறார்கள் என்று வெளிப்படையாகக் கேட்டுக் குறித்து வையுங்கள். மறைத்து எழுத வைத்தால் பணி ஆணை வந்த அன்று மாலையே பை தூக்குவார்கள்.

மூன்றாவது போட்டியை டாக்டர்கள் கண்டுகொள்வதே இல்லை: பனியன் கம்பெனி. நர்ஸைவிட ஆயா, வார்டு உதவியாளர் மட்டத்தில் இது ரொம்பப் பாதிக்கும். திருப்பூர், பெருமாநல்லூர், அவிநாசிப் பக்கம் கம்பெனி வேனே ஊருக்குள் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. ஒன்றரை ஷிப்டு பார்த்தால் ஒன்றரை ஷிப்டுக் காசு வாரக் கடைசியில் கையில் வரும். நீங்கள் டபுள் டூட்டிக்கு "அடுத்த மாசம் ஒரு ஆஃப் சேத்திக் குடுக்கறேன்" என்கிறீர்கள். ஆயா போனால் பெட்பேன் வைப்பதும் படுக்கை விரிப்பதும் நர்ஸ் தலையில் விழும். பிறகு நர்ஸும் போவாள்.

எங்கே தேடுவது

ஏஜென்டிடம் போகாதீர்கள். ஒரு ஆளுக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்குகிறவருக்கு, அந்த ஆள் உங்களிடம் வருஷக்கணக்கில் இருந்தால் என்ன லாபம்?

கல்லூரிக்குப் போங்கள். முதல்வர் அறையில் காபி குடித்துவிட்டு வராமல், கடைசி வருஷ வகுப்பு ஆசிரியையைப் பாருங்கள். எந்தப் பிள்ளைக்கு அப்பா இல்லை, எந்தப் பிள்ளை அம்மாவை விட்டு வெளியூர் போகாது என்று அவருக்குத்தான் தெரியும். கோவையில் படிக்கும் பிள்ளைகளில் அந்தியூர், தாளவாடி, வெள்ளகோவில், மூலனூர் பக்கத்தவர்கள் நிறைய. பெயர்ப் பலகை பெரியதாக இருக்கும் ஆஸ்பத்திரிக்கு முதலில் போகத்தான் செய்வார்கள். இரண்டு வருஷ அனுபவம் ஆனதும் வீட்டுப் பக்கம் வரலாமா என்று யோசிக்கிற நேரம் ஒன்று வரும். அந்த நேரத்தில் உங்கள் நம்பர் அவர்கள் போனில் இருக்க வேண்டும்.

இவர்களைவிட நான் அதிகம் நம்புவது முப்பது வயதுக்கு மேல், பிள்ளை பெற்று, வேலையை விட்டு வீட்டில் இருக்கிறவர்களை. ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். ஜி.என்.எம். முடித்துவிட்டுத் தோட்டத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கிற ஒரு மருமகளை நம்பியூருக்கு உள்ளே போய்க் கண்டுபிடித்தேன். இன்றைக்கு எங்கள் லேபர் வார்டு அவர் பொறுப்பில்தான் ஓடுகிறது. இவர்களுக்குச் சம்பளத்தைவிட நேரம்தான் பிரச்சினை. காலை ஒன்பதரையிலிருந்து மாலை மூன்றரை வரை, ஞாயிறு லீவு என்று ஒரு ஷிப்ட் உருவாக்குங்கள். ஓ.பி., டிரெஸ்ஸிங், டயாலிசிஸ், டிஸ்சார்ஜ் வேலை எல்லாம் அந்த நேரத்தில்தான் குவியும். "ஒருத்தருக்கு இப்படிக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க" என்று நிர்வாகம் சொல்லும். கேட்கட்டும். அதற்கேற்ற சம்பளம் என்று எழுதி வைத்துவிட்டால் சண்டை வராது. வீட்டில் பேசும்போது மாமியாரிடம் பேசுங்கள். புருஷன்காரர் தலையாட்டிவிட்டுப் போவார், முடிவு அந்தம்மா கையில்.

அப்புறம் பஸ். விண்ணப்பத்தில் வீட்டு முகவரிக்குப் பக்கத்தில், கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்று ஒரு கட்டம் போடுங்கள். 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதை நம்பித்தான் கிராமத்துப் பிள்ளைகள் வருகிறார்கள். மத்தியான ஷிப்ட் ஒன்பதரைக்கு முடிந்தால் பஸ் இருக்காது, அண்ணன் பைக்கில் வந்து நிற்க வேண்டும். அண்ணன் ஒரு மாதம் வருவான், அவ்வளவுதான். ஷிப்ட் எட்டுக்கு முடிகிற மாதிரி மாற்றினால் நைட் பன்னிரண்டு மணி நேரமாகும். அதற்கு ஈடாக வாரத்துக்கு நாலு நைட்டுக்கு மேல் போடக் கூடாது. கணக்கு அதே 48-தான். இல்லாவிட்டால் ஒரு வேன் வையுங்கள். டீசல் செலவைப் பார்க்கிறவர்கள், ஆறு மாதத்துக்கு ஒரு முறை புது ஆளுக்குப் பயிற்சி கொடுக்கும் செலவையும் எழுதிப் பார்க்க வேண்டும்.

வெள்ளைக் கோட்டுப் போட்டவர் எல்லாம் நர்ஸ் இல்லை

ஆள் இல்லாத கஷ்டத்தில் எல்லாரும் சறுக்குகிற இடம் இது. ஏ.என்.எம். இரண்டு வருஷம், ஜி.என்.எம். மூன்று வருஷம், பி.எஸ்ஸி. நாலு வருஷம். இவற்றை அங்கீகாரமுள்ள இடத்தில் முடித்து, தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் பதிவு பெற்ற ஆள். அந்தக் கவுன்சிலுக்கான சட்டம் 1926-லேயே வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு மாடியில் ஆறு மாதம், ஒரு வருஷம் நர்சிங் என்று நடத்துகிற சான்றிதழை வைத்து வருகிற பிள்ளைகளைத் தப்புச் சொல்ல மாட்டேன். கட்டணம் வாங்கி ஏமாற்றியவர்கள் வேறு ஆட்கள். அந்தப் பிள்ளைகளை உதவியாளராக எடுங்கள். குளிப்பாட்ட, திருப்பிப் படுக்க வைக்க, சாப்பாடு ஊட்ட, வீல்சேர் தள்ள நல்ல ஆள் கிடைப்பதே கஷ்டம். ஊசியையும் ட்ரிப்ஸையும் அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். வெளிமாநிலத்தில் படித்தவர் என்றால், அந்த மாநிலக் கவுன்சிலின் தடையின்மைச் சான்றோடு இங்கே பதிவை மாற்றினாரா என்று பாருங்கள். கேரளா, கர்நாடகா மட்டுமில்லாமல் வடகிழக்கிலிருந்தும் இப்போது ஆட்கள் வருகிறார்கள். தமிழ் தெரியாத பிள்ளையை முதலில் ஐ.சி.யூ.விலோ தியேட்டரிலோ போடுங்கள். வார்டில் போட்டால் நம் பாட்டிகள் பேசும் பேச்சு அவர்களுக்குப் புரியாது.

இன்டர்வியூவில் "உன் பலம் என்ன, பலவீனம் என்ன" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். நான் மூன்று கேள்வி கேட்பேன்.

500 மில்லி ட்ரிப்ஸ் எட்டு மணி நேரத்தில் ஏற வேண்டும், செட் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? இருபத்தொன்று. பேப்பரும் பேனாவும் கொடுங்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

இரண்டாவது, இன்சுலின் சிரிஞ்சில் சிவப்பு மூடிக்கும் ஆரஞ்சு மூடிக்கும் என்ன வித்தியாசம்? சிவப்பு ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள மருந்துக்கு, ஆரஞ்சு 100 யூனிட் உள்ள மருந்துக்கு. மாற்றி எடுத்தால் டோஸ் இரண்டரை மடங்கு கூடும் அல்லது குறையும் என்று தானாகவே சொல்கிற பிள்ளையை அங்கேயே எடுத்துவிடலாம்.

மூன்றாவது, மஞ்சள் வயலில் வேலை செய்தவரைப் பாம்பு கடித்துக் கூட்டி வருகிறார்கள், என்ன செய்வாய்? நம் ஊருக்கு இந்தக் கேள்வி கட்டாயம் வேண்டும். மூச்சும் நாடியும் பார்த்து, டாக்டரைக் கூப்பிட்டு, கேனுலா போட்டு, ரத்தத்தை உலர்ந்த சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிடம் அசைக்காமல் வைத்து உறைகிறதா என்று பார்ப்பேன் என்று வந்தால் போதும். குழாய் கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும், சோப்புப் போட்டுக் கழுவியதாக இருக்கக் கூடாது என்று சேர்த்துச் சொன்னால் அந்தப் பிள்ளை நல்ல இடத்தில் வேலை பழகியிருக்கிறது என்று அர்த்தம். தெரியவில்லை என்று நேராகச் சொல்கிறவர்களையும் எடுத்திருக்கிறேன். தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்கிறவர்களைத்தான் எடுப்பதில்லை.

தேர்வு முடிவு வந்து, கவுன்சில் பதிவு கைக்கு வராத இடைவெளியில் வருகிறவர்களைச் சீனியரோடு மட்டும் விடுங்கள். அந்தக் காலத்தில் தனி டூட்டி வேண்டாம்.

சம்பளம்

உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் சொன்னதையொட்டி மத்திய அரசு அமைத்த குழு ஒரு அளவு கொடுத்தது. ஐம்பது படுக்கைக்குக் கீழே இருந்தால் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. ஐம்பதுக்கு மேல் என்றால் அரசு நர்ஸ் சம்பளத்தைவிட 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, நூறுக்கு மேல் 10 சதவீதம், இருநூறுக்கு மேல் சமமாக. நடைமுறைப்படுத்தும் வேலை மாநிலங்களுக்கு விடப்பட்டது. கேரளா 2018-ல் குறைந்தபட்சச் சம்பளமாகவே அறிவித்துவிட்டது. இங்கே யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைக்கலாம். கோவையிலிருந்து பாலக்காடு ஒரு மணி நேரம். சம்பளச் சேதி அதைவிடச் சீக்கிரம் வந்து சேரும்.

கொடுக்கிற தொகையைவிட, கொடுக்கிற விதத்தில் கசப்பு அதிகம். பதினெட்டாயிரம் என்று சொல்லிவிட்டு ஹாஸ்டலுக்கு, சாப்பாட்டுக்கு, யூனிஃபார்முக்கு என்று பிடித்துப் பதிமூன்றைக் கையில் கொடுக்காதீர்கள். கையில் எவ்வளவு வரும் என்பதை முதல் நாளே எழுதிக் கொடுங்கள். நைட் அலவன்ஸைச் சம்பளத்தில் கரைக்காமல் தனி வரியாகக் காட்டுங்கள்.

இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டுக்குக் கட்டுவதைத் தண்டம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். பத்துப் பேர் இருந்தாலே அது கட்டாயம். சம்பளத்தில் முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75. நர்ஸ் பிரசவத்துக்குப் போனால் 26 வாரத்துக்கான பணத்தை, தகுதி நாட்கள் இருந்தால், இ.எஸ்.ஐ.யே கொடுக்கும். கட்டவில்லை என்றால் அது உங்கள் தலையில். கர்ப்பமான பிள்ளையை எப்படிக் கழற்றிவிடலாம் என்று யோசிக்கிற இடங்களை எனக்குத் தெரியும். இந்தக் கணக்கே தெரியாமல்தான் அந்தப் பாவத்தைச் செய்கிறார்கள். சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் இ.எஸ்.ஐ.யிலிருந்து வெளியே போய்விடுவார்கள். ஐநூறு ரூபாய் ஏற்றிக் கொடுத்துவிட்டு மருத்துவக் காப்பீட்டைப் பறித்த மாதிரி ஆகக் கூடாது. அவர்களுக்குத் தனியாகக் குழுக் காப்பீடு எடுங்கள்.

அசல் சான்றிதழை வாங்கிப் பீரோவில் பூட்டுகிற பழக்கத்தை நிறுத்துங்கள். பாண்டு எழுதி, உடைத்தால் ஒரு லட்சம் என்று மிரட்டுவதையும் நிறுத்துங்கள். அப்படிப் பிடித்து வைத்த பிள்ளை டூட்டிக்கு வரும், கேஸ் ஷீட்டில் கையெழுத்துப் போடும், நோயாளி முகத்தைப் பார்க்காது. சுற்று வட்டாரத்தில் எந்த ஆஸ்பத்திரி சர்டிபிகேட்டைப் பிடிக்கிறது என்பது ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு அத்துப்படி. நகலை வாங்கி, அசலோடு ஒப்பிட்டு, கவுன்சில் எண்ணைச் சரிபார்த்து, அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள்.

வந்தவர்கள் நிற்க

சேர்ந்த வாரத்திலேயே ஹெபடைடிஸ்-பி தடுப்பூசியை ஆரம்பித்துவிடுங்கள். 0, 1, 6 மாதம் என்று மூன்று ஊசி. செலவு உங்களுடையது. முதல் மாதம் நைட் வேண்டாம். வேறு இடத்தில் அனுபவம் உள்ளவராக இருந்தாலும், உங்கள் எமர்ஜென்சி டிரேயில் அட்ரினலின் எந்த அறையில் இருக்கிறது என்று இருட்டில் தேடுகிற நிலை வரக் கூடாது.

அடுத்த மாதச் சார்ட்டை 25-ஆம் தேதிக்குள் ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு மாற்ற வேண்டுமென்றால் மாற்றுகிறவர் போய்க் கேட்க வேண்டும். வார்டு இன்சார்ஜ் சிவப்பு மையில் அடித்துவிட்டுப் போகக் கூடாது. பண்டிகை லீவுக்கு வருஷ ஆரம்பத்திலேயே ஒரு நோட்டுப் போடுங்கள். பொங்கல், தீபாவளி மட்டும் வைத்தால் எங்கள் பக்கம் ஓடாது. மார்கழிக் கடைசியில் பாரியூர் குண்டம் என்கிற தீமிதி, தைப்பூசத்துக்குச் சென்னிமலை, பங்குனியில் பண்ணாரி, அதே மாதம் ஈரோடு பெரிய மாரியம்மன், ஆடிப்பெருக்கு, இதெல்லாம் போக அவரவர் ஊர்க் கோயில் நோம்பி. போன வருஷம் பண்ணாரிக்குப் போனவர் இந்த வருஷம் டூட்டி. நோட்டு எல்லாரும் பார்க்கிற இடத்தில் இருக்கட்டும். டாக்டர் வீட்டு ஒரம்பரைப் பிள்ளை, அதாவது சொந்தக்காரப் பெண், ஒருத்தி வேலை பார்த்தால் அவள் பெயரும் அதே வரிசையில் வர வேண்டும்.

நோயாளியோடு வந்தவர்கள் நர்ஸை வாய்க்கு வந்தபடி பேசினால் டாக்டர் இறங்கி வந்து நில்லுங்கள். மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் மூன்று முதல் பத்து வருஷம் வரை சிறை என்று 2008-ன் தமிழ்நாட்டுச் சட்டம் சொல்கிறது. அதைத் தமிழில் அச்சடித்துக் கேசுவால்டியில் ஒட்டுங்கள். ஒட்டுவதோடு நிற்காமல், நடந்தால் புகாரும் கொடுங்கள். உள்ளூர்ப் பெரிய மனிதர் ஒருவருக்காக நர்ஸை மன்னிப்புக் கேட்க வைத்த ஓர் இடத்தில், அடுத்த வாரம் அந்த ஷிப்ட் மொத்தமும் காலியானது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் பாலியல் தொல்லைப் புகாருக்கான உள் குழு 2013 சட்டப்படி கட்டாயம். பெயருக்கு வைக்காமல், நர்ஸ்களில் ஒருவரை அதில் போடுங்கள்.

வெளிநாடு போக ஆசைப்படுகிறவர்களைத் தடுக்க முடியாது. ஜெர்மன் மொழியில் பி-2 நிலைத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைக்கு வகுப்பு நேரம் பார்த்து ஷிப்ட் கொடுங்கள். தேர்வு முடியும் வரை உங்களிடமே இருப்பாள், எப்போது போவாள் என்றும் உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். வளைகுடா ஏஜென்டிடம் லட்சக்கணக்கில் கட்டப் போகிறாள் என்று தெரிந்தால் கூப்பிட்டுச் சொல்லுங்கள்: குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகளுக்கு நர்ஸ்கள் அரசு அங்கீகரித்த நிறுவனங்கள் வழியாகத்தான் போக வேண்டும் என்று 2015-லேயே மத்திய அரசு விதி கொண்டுவந்தது. நம் மாநிலத்தில் அதற்கு அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. போகிற பிள்ளைக்கு அனுபவச் சான்றிதழைக் கடைசி நாளன்றே கொடுங்கள். அவள் ஹாஸ்டலில் விட்டுப் போகிற இரண்டு ஜூனியர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இவ்வளவு செய்தும் ஆள் குறைகிற மாதம் வரும். அதற்கு ஒரு அளவை முன்பே டாக்டரோடு உட்கார்ந்து எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்கள். நைட்டில் இத்தனை பேருக்குக் கீழே போனால் மாடி வார்டைப் பூட்டுவது, ஐ.சி.யூ.வில் ஒரே நர்ஸ் என்றால் மூன்றாவது அட்மிஷன் எடுக்காமல் 108-ல் பெருந்துறைக்கோ கோவைக்கோ அனுப்புவது. ராத்திரி பதினொரு மணிக்கு நோயாளி வாசலில் இருக்கும்போது இதைப் பேச முடியாது. எங்கள் ஆஸ்பத்திரியில் அந்தத் தாள் நர்சிங் ஸ்டேஷன் கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது. டூட்டி டாக்டர் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கேஸுக்குச் சரி சொல்வார்.